தொற்றை அறியாத பெண்ணும் கேட்கவேண்டிய மருத்துவரும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் எச்.ஐ.வி. பரவும் வழிகளைக் கற்பிக்கிறோம். அப்பாடத்துடன் ஒரு வினாவையும் மாணவர்முன் வைக்கலாம்: தனக்குத் தொற்று இருப்பதையே அறியாத பெண்ணுக்கு அதை யார் கண்டறிந்து சொல்வது?

ஒரு வரலாற்று நிகழ்வு

இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினர். வேலூரில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. நாட்டில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட தொற்றுகள் இவையே.

பின்னாளில் சுனிதி சாலமனின் மருத்துவமனைக்கு வந்த பெண்களுள் பெரும்பாலோர் கணவரையன்றி வேறு எவருடனும் உறவு இல்லாத இல்லத்தரசிகள். 'இவருக்கு எப்படி வரும்?' என்று மருத்துவர் நினைத்துவிட்டால், இத்தகைய பெண்ணின் தொற்று பல ஆண்டுகள் மறைந்தே இருக்கும்.

மருத்துவர் செய்ய வேண்டியவை

எச்.ஐ.வி. பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் இருக்கலாம். காசநோய், அக்கி, வாயில் வெண்படலம், காரணம் புரியாத எடை குறைவு ஆகியவற்றுடன் வரும் பெண்ணிடம், அவர் யார் என்று எடைபோடாமல், ஒப்புதல் பெற்றுச் சோதனையைப் பரிந்துரைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். சிகிச்சை இல்லையெனில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தாய்க்கும் குழந்தைக்கும் உரிய மருந்து கிடைத்தால் 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்கலாம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசமாகவே கிடைக்கிறது.

வகுப்பில் கலந்துரையாட

1. சோதனைக்கு முன் ஒப்புதல் பெறுவது ஏன்?
2. மனைவிக்குத் தொற்று தெரிந்தவுடன் பழியையும் அவர்மேலேயே சுமத்துவது சரியா?

ஆசிரியர் கவனத்திற்கு

வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் தாய்க்கோ அக்குழந்தைக்கோ தொற்று இருக்கக்கூடும். ஆகவே ஊரில் நடந்ததாக எந்த எடுத்துக்காட்டும் கூற வேண்டாம். அச்சமூட்டும் படங்களையும் தவிர்க்கலாம். எவரேனும் தனியே வந்து கேட்டால், 1097 என்ற இலவச உதவி எண்ணைச் சொல்லுங்கள். கேட்டதைப் பிற ஆசிரியர்களிடமும் பகிர வேண்டாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடைசெய்கிறது. இரகசியம் காக்கப்படும் என்று நம்பினால்தான் ஒரு தாய் சோதனைக்குத் துணிந்து செல்வார்.