டீசல் எஞ்சினுக்கு டர்போ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் செம்மண் பாதைகளிலே கனத்த கேரவன்களை இழுத்துச் செல்லும் பழைய டொயோட்டா லேண்ட் க்ரூசர்கள் பலவற்றில், 1990-இல் அறிமுகமான 1எச்.இசட். என்னும் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் டர்போவின் துணையின்றியே உழைத்து வருகிறது. அதன் ஆயுளைப் புகழ்கிறவர்களும் மேட்டில் அது திணறுவதைக் காணப் பொறுக்காமல், வெளிப் பட்டறைகளில் டர்போசார்ஜர் பொருத்திக்கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தோடு கூடவே வளர்ந்த சில தப்பெண்ணங்கள் நல்ல எஞ்சின்களை அகாலத்தில் அழிக்க வல்லவையாதலால், அவற்றைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: டர்போவைப் பொருத்தினாலே சக்தி பெருகிவிடும்.

உண்மை: சுவிட்ஸர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற நாள்முதல் இதன் தத்துவம் ஒன்றே: வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்துவது. ஆகவே டர்போ அளிப்பது காற்றை மட்டுமே. சக்தி டீசலில் இருக்கிறது. எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் பம்பில் எரிபொருளின் அளவைக் கூட்டாதவரையில் கிடைக்கும் லாபம் சொற்பமே.

நம்பிக்கை: மிகுந்த காற்று எஞ்சினைக் கொதிக்கச் செய்யும்.

உண்மை: கொல்லன் துருத்தி ஊதினால் உலை கனல்வதைக் கண்ட மனம் இவ்வாறு நினைப்பது இயல்புதான். ஆனால் டீசல் எஞ்சினிலோ, எரிபொருள் மாறாதிருக்கக் காற்று மட்டும் மிகுமானால், அதே உஷ்ணம் அதிகக் காற்றில் பரவி, வெளிவரும் புகையின் வெப்பம் தணிகிறது. காற்றின் அளவை மீறிப் புகுத்தப்படும் டீசலே எஞ்சினைச் சுடுகிறது. காற்று மெலிந்த உயர்ந்த மலைப்பாதைகளில் டர்போ இல்லாத எஞ்சின் கரும்புகை கக்குவதற்கும், டர்போ அக்குறையை ஈடுசெய்வதற்கும் இதுவே காரணம்.

நம்பிக்கை: கரும்புகை பலத்தின் அடையாளம்.

உண்மை: அது முற்றும் எரியாத டீசலின் கரி, பலமாக மாறாமற்போன பணம். தாழ்ந்த வேகத்தில், டர்போ விழித்தெழுமுன்பே நிறைந்த எரிபொருள் புகுவதால் இது நேர்கிறது. காற்றழுத்தம் உயர உயர எரிபொருளையும் படிப்படியாகக் கூட்டும் சாதனத்தைப் பம்பில் சேர்ப்பதே முறையான பரிகாரம்.

நம்பிக்கை: டீசல் எஞ்சின் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும்.

உண்மை: டொயோட்டாவே டர்போவுடன் வெளியிட்ட 1எச்.டி.-டி. எஞ்சின், 1எச்.இசட்.டின் உடன்பிறப்பாயினும், எரிபொருளை நேரே பிஸ்டன்மேல் பீய்ச்சும் அமைப்பும் 18.6 என்னும் தணிந்த அமுக்க விகிதமும் கொண்டது, 1எச்.இசட்.டிலோ அவ்விகிதம் 22-க்கும் மேற்பட்டது, எரிதலும் சிலிண்டர் தலையிலுள்ள சிற்றறையில் தொடங்குகிறது. மிதமிஞ்சிய உஷ்ணத்தில் அச்சிற்றறையின் ஓரமும் பிஸ்டனும் வெடிப்புக் காண்பதுண்டு. ஆதலால்தான் விவேகிகள் சதுர அங்குலத்துக்கு 7 முதல் 10 பவுண்டு அழுத்தத்தோடு திருப்தியடைகிறார்கள்.

நம்பிக்கை: இன்டர்கூலரும் பூஸ்ட் மீட்டரும் இருந்தால் அபாயமில்லை.

உண்மை: இன்டர்கூலர் உட்செல்லும் காற்றைக் குளிர்விப்பது மெய்யே, ஆனால் அளவுமீறிய டீசலை அது மன்னிக்காது. பூஸ்ட் மீட்டர் காற்றின் அழுத்தத்தைச் சொல்லுமேயன்றி, எரிதலின் வெப்பத்தைச் சொல்லாது. அதற்குப் பைரோமீட்டர் வேண்டும்; அதன் முனையும் புகைவழியில் டர்போவுக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் வைத்தால், பாரம் இழுக்கும் வேளையில் 100 பாகைக்கும் மேலாகக் குறைத்துக் காட்டி ஏமாற்றக்கூடும். நீண்ட மேட்டில் 650 முதல் 700 பாகை செல்சியஸை எல்லையாகக் கொண்டு, முள் அதை நெருங்கும்போது மிதியைத் தளர்த்திக் கியரைக் குறைப்பது ஓட்டுகிறவரின் கடமை.

ஆகவே டர்போ வாங்க விரும்புகிறவர் முதலில் தம் எஞ்சினின் அமுக்கத்தையும் குளிர்விப்பு முறையையும் சோதித்து, பைரோமீட்டரைப் பொருத்தி, அதன் சாட்சியத்தின்படியே பம்பைத் திருத்தச் செய்வாராக. மாநில விதிகள் கோரும் சான்றிதழையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிப்பதையும் மறவாதிருப்பாராக. எஞ்சினின் ஆயுளை நிர்ணயிப்பது டர்போவின் விலையன்று, பம்பில் எரிபொருளைக் கூட்டும் திருகாணியைத் திருப்பும் கையின் நிதானமே.