சென்னையில் வீடு: புது ஃபிளாட், பழைய ஃபிளாட், மனை, வாடகை

சென்னையில் மாதச் சம்பளக்காரருக்கு வீடு எட்டாமல் போவதற்கு விலை ஒரு காரணம் என்றால், அந்த விலையில் வங்கி தராத பகுதி இன்னொரு காரணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 80 லட்ச ரூபாய்க்குப் புது ஃபிளாட் வாங்குபவர் 16 லட்சம் முன்பணமும், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணமாக 7 சதவீதம், அதாவது 5.6 லட்சமும் கையிலிருந்து போட வேண்டும். மீதி 64 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 55,500 ரூபாய். கட்டி முடிக்கையில் மொத்தம் 1.33 கோடி. லட்ச ரூபாய் சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. 45 லட்சத்துக்கு மிகாமல், பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்தபின் விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சாவி கைக்கு வரும்வரை வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும் என்பதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. விளம்பரத்தில் சொல்லும் சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் அடக்கம். ரெரா சட்டப்படி கேட்க வேண்டியது கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பு.

பழைய ஃபிளாட்டுக்குப் பத்திரச் செலவு 9 சதவீதம். ஆனாலும் உடனே குடியேறலாம், வாடகை நின்றுவிடும். இங்கே பார்க்க வேண்டியது நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது யு.டி.எஸ். இரண்டு மாடிப் பழைய கட்டடத்தில் 900 சதுர அடி வீட்டுக்கு 450 சதுர அடி நிலம் சேர்ந்து வரலாம். பல மாடிக் கோபுரத்தில் 300கூடத் தேறாது. கட்டடம் தேய்ந்துகொண்டே போகும், விலை ஏறுவது நிலத்துக்குத்தான். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டவும் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே 25 வயதுக் கட்டடம் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவர் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்டால் விலகிவிடுவதே மேல்: சட்ட விரோதம் என்பது ஒருபுறம், பத்திரத்தில் இல்லாத தொகைக்கு வங்கிக் கடனும் கிடையாது.

கூடுவாஞ்சேரி, திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கிப் பிறகு கட்டுவது, தொகையைத் தவணை தவணையாகப் புரட்டுபவருக்குப் பொருந்தும். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம், தனிப்பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று நான்கும் கட்டாயம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, மலிவாக வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் முடியாமல் நின்றார்கள். கோடையில் ஒருமுறை போய், அக்கம்பக்கத்துப் போர்வெல் எத்தனை அடி என்று விசாரிப்பதும் நல்லது.

வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்று தெரியாதவருக்கும், முன்பணம் சேராதவருக்கும் வாடகையே கட்டுப்படியாகும். 80 லட்ச ஃபிளாட்டின் வாடகை 22,000 என்று வைத்தால், தவணையோடு மாத வித்தியாசம் 33,000க்கு மேல். அதைச் சேமிக்காமல் செலவழித்துவிடுபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அட்வான்ஸ், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். சென்னையில் அதற்கு மேல் கேட்பவர்கள் இன்னும் உண்டு.

மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து வாடகையின்றி இருக்கும் லீஸ், மேலோட்டமாக எல்லாவற்றிலும் மலிவு. அந்தப் பணத்தைத் திருப்பித் தர உரிமையாளரிடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் ஜப்தியில் முதல் உரிமை வங்கிக்கே. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகே தொகையைக் காசோலையாகக் கொடுக்க வேண்டும்.