பம்பைக் கழற்றும் முன் கேஜை மாட்டுங்கள்

சென்னையில் குப்பையும் இடிபாடும் அள்ளும் குட்டி லோடர் எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊருக்கு அது பாப்கேட்தான். நாம் அதிகம் பார்ப்பது டயர் வண்டி. சேறும் மணலுமான இடங்களுக்கு ரப்பர் டிராக் போட்ட வகை உண்டு. வட அமெரிக்காவில் அதற்கு நல்ல கிராக்கி. டயர் வண்டியில் மோட்டாரின் சுழற்சி செயின் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். டிராக் வண்டியில் பக்கத்துக்கு ஒரு மோட்டார், அதோடு சேர்ந்த ஃபைனல் டிரைவ், நேரே ஸ்ப்ராக்கெட். அதற்கு முந்தைய ஹைட்ராலிக் ஏற்பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சுற்றி ஒர்க்‌ஷாப்புகளில் உலவும் நம்பிக்கைகளும் அப்படியே.

"மேடு ஏறல. பம்ப் போயிடுச்சு."

இரண்டு பக்கமும் தம் இல்லையா, ஒரு பக்கம் மட்டுமா? முதலில் இதற்கு விடை வேண்டும். இன்ஜின் சுற்றுவது இரண்டு டிரைவ் பம்ப்களை; இடது டிராக்குக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு பெரிய ஹோஸ்கள். ஒன்றில் போகிற ஆயில் மற்றொன்றில் திரும்பி நேராகப் பம்புக்கே வந்துவிடும், டேங்குக்குப் போகாது. இப்படித் தனித்தனிச் சுற்றாக ஓடும் இரண்டு பம்பும் இரண்டு மோட்டாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தேயுமா? இரண்டு பக்கமும் சேர்ந்து தளர்ந்தால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம், ஃபில்டர், சக்‌ஷன் ஹோஸ், லோடு வந்ததும் மூச்சு வாங்கும் இன்ஜின் (டீசல் ஃபில்டர் மாற்றியதும் குணமான 'பம்ப் கோளாறு'கள் உண்டு), எல்லாவற்றுக்கும் மேலே சார்ஜ் பம்ப்.

சார்ஜ் பம்ப் என்பது பெரிய பம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய கியர் பம்ப். ஆள் கண்ணில் படாது, பெயரும் அடிபடாது. மூடிய சுற்று என்றாலும் உள்ளே கசிவு இருக்கும்; பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புத் தருவதே அந்தக் கசிவுதான். கசிந்தது கேஸ் டிரெய்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குப் போய்விடும். போனதை ஈடுகட்டிச் சுற்றை எப்போதும் நிரப்பி வைப்பது சார்ஜ் பம்பின் வேலை. பம்புக்குள் இருந்து ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வாஷ் பிளேட்டைச் சாய்ப்பதும், ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் பெரும்பாலான வண்டிகளில் இதே ஆயில்தான். மெயின் ஹோஸில் அழுத்தம் 300 பாரைத் தாண்டும்; சார்ஜ் லைனில் வழக்கமாக 20 முதல் 30 பார்தான். அந்தச் சின்ன எண் சரிந்தால் ஸ்வாஷ் பிளேட் முழுதாகச் சாயாது, பிரேக்கும் முழுதாக விடாது. ஓட்டுகிறவருக்குப் பம்ப் செத்த மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் அழுத்தம் காட்டும் கேஜ். டெஸ்ட் போர்ட் எங்கே, எவ்வளவு காட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஆயில் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். வண்டி நிற்கும்போதே குறைவாகக் காட்டினால் சார்ஜ் பம்ப், அதன் ரிலீஃப் வால்வு, ஃபில்டர், சக்‌ஷன் பக்கம் என்று தேடலாம். நிற்கும்போது சரியாக இருந்து, இடது டிராக்கை ஓட்டியதும் மட்டும் முள் சரிந்து விழுந்தால், இடது சுற்றில் எங்கோ ஆயில் ஓடிப்போகிறது. கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு கேஜும் ஒரு அடாப்டரும் பம்ப் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனாலும் பல ஒர்க்‌ஷாப்புகளில் பம்ப் இறக்கும் செயின் பிளாக் இருக்கிறது, கேஜ் இல்லை.

"கீழே ஒரு சொட்டு ஒழுகல. ஹைட்ராலிக் நல்லாத்தான் இருக்கு."

1957ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணைக்காகச் செய்த லோடர்தான் இந்த வண்டிகளுக்கெல்லாம் மூதாதை. அதன் சக்கரத்தை ஓட்டியது ஆயில் அல்ல, பெல்ட்டும் புல்லியும். பெல்ட் வழுக்கினால் சத்தம் வரும், கருகல் வாசம் வரும். ஆயில் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தேய்ந்த பிஸ்டன் ஓரமாகவும் கீறல் விழுந்த வால்வு பிளேட் வழியாகவும் நழுவி, சத்தமில்லாமல் டேங்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். வெளியே தரை உலர்ந்தே கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சூடு உதவும். காலையில் நன்றாக இழுத்து, ஆயில் சூடேறி நீர்த்த பிறகு மத்தியானம் படுத்துவிடும் வண்டியில் உள்கசிவுதான் முதல் சந்தேகம். குளிரில் திணறிச் சூடானதும் சரியாகும் வண்டி வேறு சாதி. சக்‌ஷனில் அடைப்பு, அல்லது ஆயில் அதற்கு ஏற்றதைவிடக் கெட்டி. கசிவை அளந்தே பார்க்கவும் முடியும். இரண்டு மோட்டார்களின் கேஸ் டிரெய்னையும் மாற்றி மாற்றி ஓர் அளவு கேனில் விட்டு, ஒரே ஆர்.பி.எம்.மில், ஒரே லோடில், நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடலாம். கெட்ட மோட்டார் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அளந்து முடித்ததும் அந்த ஹோஸைப் பிளக் போட்டு அடைத்து வண்டியை ஓட்டிவிடக் கூடாது. போக வழியில்லாத ஆயில் மோட்டாரின் ஷாஃப்ட் சீலைத் தள்ளிவிடும்.

"ஒரு பக்கம் இழுக்குது. மோட்டார்தான்."

இருக்கலாம். ஆனால் மோட்டாருக்கு முன்னால் டிராக்கைப் பாருங்கள். ரோலருக்கும் டிராக்குக்கும் நடுவே சிக்கிய கல், இறுகிய சேறு, பேரிங் போன ரோலர், எல்லாவற்றையும்விட அதிகமாக அளவுக்கு மீறிய இறுக்கம். டிராக் கழலக் கூடாது என்று அதை இறுக்கும் சிலிண்டரில் கிரீஸை அடித்துக்கொண்டே போகிறவர்கள் அந்தப் பக்கத்து மோட்டாரின் பலத்தில் ஒரு பங்கை டிராக்கை இழுப்பதற்கே செலவழிக்க வைக்கிறார்கள். ஐட்லர் பேரிங்கும் ஃபைனல் டிரைவும் அதற்கு விலை கொடுக்கும். எவ்வளவு தொய்வு வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. தளர்த்தும்போது கிரீஸ் வால்வுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், முழுதாகவும் கழற்றாதீர்கள்.

டிராக் சுத்தம் என்றால் அடுத்தது இடமாற்றம். வண்டியை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி இரண்டு டிராக்கும் தரை தொடாமல் நிறுத்துங்கள். எலக்ட்ரானிக் ஜாய்ஸ்டிக் வண்டியானால், பம்பின் இடது வலது சோலினாய்டு கனெக்டர்களை முதலில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆயில் ஒரு சொட்டுச் சிந்தாத சோதனை. அதில் பிடிபடாவிட்டால் பம்பின் பக்கத்தில் மெயின் ஹோஸ்களை இடவலமாக மாற்றலாம். கோளாறு அடுத்த பக்கத்துக்குத் தாவினால் குற்றம் பம்பிலோ அதன் கன்ட்ரோலிலோ. இருந்த பக்கத்திலேயே இருந்தால் மோட்டார், பிரேக், ஃபைனல் டிரைவ். திறந்த ஒவ்வொரு வாயையும் மூடியால் அடைத்து வையுங்கள். பழைய துணியைத் திணிப்பதைவிடச் சும்மா விட்டுவிடலாம்.

முன்னால் இழுக்காமல் பின்னால் மட்டும் நன்றாகப் போகிறதா? அப்படியானால் மோட்டாரை விட்டுவிடுங்கள். தேய்ந்த பம்போ மோட்டாரோ ஒரு திசைக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வது அபூர்வம். திசைக்கு ஒன்றாகப் பம்பில் இரண்டு ரிலீஃப் வால்வுகள் இருக்கும். பல பம்ப்களில் இரண்டும் ஒரே மாதிரி. இடம் மாற்றிப் போட்டதும் கோளாறு பின்னால் போகும் திசைக்கு மாறினால், வால்வு ஒன்றோடு வேலை முடிந்தது.

இன்னொரு இலவசச் சோதனை: ஃபைனல் டிரைவின் கியர் ஆயில் பிளக்கைத் திறப்பது. மட்டம் குறைந்திருப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். கூடியிருந்தால், அதுவும் நீர்த்திருந்தால், மோட்டாரின் ஷாஃப்ட் சீலைத் தாண்டி ஹைட்ராலிக் ஆயில் உள்ளே வந்திருக்கிறது.

"ரிலீஃபைக் கொஞ்சம் முறுக்கு. இல்லனா 68 ஆயில் ஊத்து."

இரண்டும் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். ரிலீஃப் வால்வு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, அதற்கு உச்சவரம்பு மட்டுமே வைக்கிறது. ஆயில் தேய்ந்த இடத்தில் நழுவிக்கொண்டிருக்கும்போது திருகாணியை எத்தனை சுற்று முறுக்கினாலும் வரம்பு உயருமே தவிர அழுத்தம் உயராது. பல டிரைவ் பம்ப்களில் அது தொழிற்சாலையிலேயே அமைத்து வந்த வால்வு, முறுக்கவே கூடாது. 46 ரக ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 68 ஊற்றினால் சில நாள் இழுவை கூடின மாதிரி இருக்கும். தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. சில கம்பெனிகள் ஹைட்ராலிக் சிஸ்டத்துக்கே இன்ஜின் ஆயில் ரகத்தைத்தான் சொல்கின்றன. கடைக்காரர் சொல்வதைவிடப் புத்தகம் சொல்வதைக் கேட்பது நல்லது.

ஆயில் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் காற்று, சக்‌ஷன் பக்கம் எங்கோ இழுக்கிறது. மறுநாளும் மோர் மாதிரியே இருந்தால் தண்ணீர்.

"புது மோட்டார் போட்டாச்சு. இனி கவலையில்ல."

கையைக் கடிக்கும் நம்பிக்கை இதுதான். பழைய மோட்டார் உடைந்தபோது அதன் பித்தளைத் துகள்கள் எங்கே போயின? மூடிய சுற்றில் மோட்டாரிலிருந்து ஆயில் நேராகப் பம்புக்குப் போகிறது, பெரும்பாலும் நடுவே ஃபில்டர் கிடையாது. பம்ப் அதைத் திருப்பிப் புது மோட்டாருக்கே அனுப்பும். ஹோஸ்களையும் கூலரையும் கழுவாமல் போட்ட மோட்டார் பழையதன் கதியைத்தான் அடையும். சில டிராக் வண்டிகளில் கேஸ் டிரெய்ன் லைனிலும் கையடக்கமாக ஒரு சிறிய ஃபில்டர் ஒளிந்திருக்கும். மாற்றாதவர்கள் நிறைய, இருப்பதே தெரியாதவர்கள் அதைவிட நிறைய. அது அடைத்தால் மோட்டாரின் கேஸில் அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும், அதற்கு மேல் ஏறினால் மோட்டாரே உடையும். பார்ட்ஸ் புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு அது உண்டா என்று பார்த்து, மோட்டாரோடு சேர்த்து மாற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மோட்டாரின் கேஸில் சுத்தமான ஆயில் நிரப்பவும் மறக்க வேண்டாம்.

கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அது அறுவைச் சிகிச்சை அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் இருந்த ஆயில் உடம்புக்குள் போனது என்று சொல்லியே ஆக வேண்டும். தேடுவதற்கு அட்டைத் துண்டு போதும்.

"நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுத்துடலாம்."

இந்த வண்டியில் கியர் வண்டியின் நியூட்ரல் கிடையாது. இன்ஜின் நின்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை எப்படியோ விடுவித்தாலும், உருளும் டிராக் மோட்டாரைப் பம்பாகச் சுற்றும். ஈடுகட்டச் சார்ஜ் ஆயில் இல்லாமல் அது வறண்டு ஓடும். சில வண்டிகளில் பைபாஸ் வால்வு உண்டு, அதுவும் மெதுவாகக் கொஞ்ச தூரம் நகர்த்துவதற்கு மட்டுமே. அது இல்லாத வண்டியைக் கிரேன் வைத்துத் தூக்குங்கள். இல்லையென்றால் டிராக் சுழலாமல் சறுக்கியபடியே வின்ச்சில் இழுத்து லோபெட்டில் ஏற்றுங்கள். ரப்பர் கொஞ்சம் தேயும், மோட்டார் தப்பிக்கும்.