சொட்டும் வழிகுழாய்



சேசுநாதர் சுவாமி ஐயாயிரம் பேரைப் போஷித்தபின், மீந்த அப்பத் துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் (அருளப்பர், 6-ம் அதிகாரம்). நம் வீட்டுத் தொட்டியின் வழிகுழாயோ இரவும் பகலும் சொட்டுகிறது. விநாடிக்கு ஒரு சொட்டானாலும் நாளுக்கு 4 லிட்டர், வருஷத்துக்கு 1,500 லிட்டர் வீணாகும். பெரம்பலூர், அரியலூர்க் கோடையில் இது தெருக்கோடி வீட்டாரின் குடத்துக்குச் சேரவேண்டிய நீர்.

காரணம் என்ன? தொட்டி நிறைந்ததும் மிதக்கும் பந்து உயர்ந்து, வால்வை அடைக்க வேண்டும். அரியலூரோ சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டு ஆலைகள் இங்கே வந்ததும் அதனால்தான். நிலத்தடி நீரில் கரைந்துவரும் சுண்ணாம்பு வால்வின் வாயில் படிந்தால் அது சரியாக மூடாது.

முதலில் பந்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். நீர் நின்றால் வால்வில் பழுதில்லை. பந்தின் பித்தளைக் கம்பியைச் சற்றுக் கீழே வளையுங்கள். பந்துக்குள் நீர் புகுந்திருந்தால் வேறு பந்து போடுங்கள். தூக்கியும் நிற்காவிட்டால், வரத்துக் குழாயை மூடி, வால்வைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துலக்குங்கள். தேய்ந்த வாஷரை மாற்றுங்கள்.

சிலர் வழிகுழாயின் வாயில் துணியை அடைத்துவிடுகிறார்கள். அது தவறு. நீர் விளிம்பில் வழிந்து சுவரைக் கெடுக்கும். கொசு புகாதபடி வலை மட்டும் கட்டுங்கள்.

வழிகுழாய் மனச்சாட்சியைப் போன்றது. குற்றம் அதனிடம் இல்லை. உள்ளே இருக்கும் குற்றத்தை அது வெளியே சொல்கிறது. அதன் வாயை அடைக்காமல் உள்ளே திருத்துவோம். இந்தச் சனிக்கிழமை தொட்டியைப் பாருங்கள், பாவசங்கீர்த்தனத்துக்கும் வாருங்கள்.