இணங்க வைப்போரும் இணங்குவோரும்

பிறரை நம் வழிக்குக் கொண்டு வருவது எப்படி என்று கூறும் நூல்களுக்குப் புத்தகக் கடைகளில் தனி அடுக்கே உண்டு. டேல் கார்னகி 1936இல் வெளியிட்ட நூல் முதல், ராபர்ட் கிரீன் 1998இல் அதிகாரத்தை 48 விதிகளாக வகுத்த நூல் வரை, பெரும்பாலானவை வெல்ல நினைப்பவருக்கே வழி காட்டுகின்றன. இணங்கிப் போகிறவரையும் எண்ணி எழுதப்பட்ட நூல், ராபர்ட் சியால்டினியின் 'இன்ஃபுளுயன்ஸ்' (1984).

உளவியல் பேராசிரியரான சியால்டினி, தாமே எளிதில் ஏமாறுபவர் என்று அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் விற்பனைப் பயிற்சிகளில் சேர்ந்து கற்றவர் அவர். இணங்க வைக்கும் உத்திகளை ஆறாக வகுத்தார்: கைம்மாறு, சொன்ன சொல்லில் நிற்றல், ஊரோடு ஒத்துப்போதல், பிரியம், அதிகாரம், கிடைத்தற்கருமை.

இவற்றுள் கைம்மாறு வலிமை மிக்கது. டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், கேட்காமலேயே ஒரு குளிர்பானம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு குலுக்கல் சீட்டுகளை வாங்கினர்.

இதை நான் பணம் கொடுத்தே கற்றேன். முதலாம் ஆண்டில் மூத்த மாணவர் ஒருவர் இரவு உணவு வாங்கித் தந்து, 'தொழில் வாய்ப்பு' விளக்கக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். மேடையில் கோட்டு அணிந்த பேச்சாளர், சுற்றிலும் கைதட்டல், 'இன்றிரவு மட்டுமே இந்த விலை' என்ற அறிவிப்பு. கல்விக் கடனிலிருந்து 400 வெள்ளியைக் கொடுத்தேன். அது திரும்பி வரவேயில்லை. பின்னாளில் சியால்டினியைப் படித்தபோதுதான், ஆறில் நான்கு உத்திகள் அன்றிரவே என்மீது பாய்ந்தது விளங்கியது.

தப்பும் வழியையும் அவரே தருகிறார். அன்பளிப்பு என்று வந்தது விற்பனைத் தந்திரம் எனத் தெரிந்துவிட்டால், அதற்குக் கைம்மாறு செய்யும் கடமை நமக்கில்லை.

திருக்குறளின் பொருட்பாலிலும் இவ்விரு பக்கங்களும் உள்ளன. சொல்வன்மை (அதிகாரம் 65) பேசுபவருக்கு உரியது. அறிவுடைமையோ (அதிகாரம் 43), சொல்பவர் யாராயினும் சொல்லில் உள்ள உண்மையைத் தேடுமாறு கேட்பவரைப் பணிக்கிறது.

சொற்போர் மேடைகளில் நாம் பேசக் கற்கிறோம். நண்பர்களே, முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லவும் கற்போம்.