பேச்சில் போகட்டும், எழுத்தில் வேண்டாம்

பேசும்போது 'பளம்' என்றாலும் கேட்பவருக்குப் புரியும். எழுதும்போது அப்படி விட முடியாது. லீவுக் கடிதமோ, போனில் அனுப்பும் செய்தியோ, பிழை வந்தால் பொருளே மாறிவிடும்.

யாழ்ப்பாணம் நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் இதற்காகவே பாடுபட்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். இலக்கணச் சுருக்கமும் எழுதினார். புள்ளியும் நிறுத்தக் குறியும் இல்லாமல் ஏட்டில் கிடந்த தமிழை, குறிகள் இட்டு அச்சில் தந்தார்.

நாமும் நாலு விஷயம் படிப்போம்.

1. ல, ள, ழ: 'வேலை' தொழில், 'வேளை' நேரம். 'கொழுந்து' சரி, 'கொளுந்து' பிழை.

2. ர, ற: 'அரைப்பேர்' அரை நாள் சம்பளம், 'அறை' வீட்டில் இருப்பது.

3. ன, ண: 'பனி' மலையில் விழுவது; 'பணி' நாம் செய்வது.

4. ஐ, கு உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கொழுந்தைக் கிள்ளினோம், பெரட்டுக்குப் போனோம்.

எல்லாவற்றிலும் பெரியது பேரில் வரும் பிழை. பிறப்புச் சான்றிதழில் 'பழனியம்மா', அடையாள அட்டையில் 'பளனியம்மா' என்றிருந்தால், ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்கும் நேரத்தில் இருவரும் ஒருவர்தான் என்று காட்ட, சத்தியக் கடதாசிக்கு அலைய நேரிடும். உழைத்த காசு ஓர் எழுத்தால் தடைப்படலாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, படிக்கிற பிள்ளையை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சேமநல அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். திருத்துவதற்கு நாங்கள் உதவுகிறோம்.