பழங்கடலைக் கல்லில் படிக்கும் முறை: வடசென்னையின் இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கமிருந்து தொல்லுயிரியலுக்கு வரும் இளம் ஆய்வாளருக்கு,

தமிழ்நாட்டில் பழங்கடலின் தடம் செழிப்பாகக் கிடைப்பது அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்திலும் கல்லக்குடியைச் சுற்றியும்தான். 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே பலமுறை ஏறி வந்து பின்வாங்கியது. கேய், கன்லிஃப் ஆகியோர் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின்னர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா அவற்றின் அம்மோனைட்டுகளையும் நத்தைகளையும் சிப்பிகளையும் பெரும் தொகுதிகளாக விவரித்தார். இந்த நூல்களைப் படிக்காமல் களத்துக்குப் போகக் கூடாது. அவற்றில் குறிக்கப்பட்ட நிலம் பின்னாளில் வெகுவாக மாறியிருக்கிறது; அந்தப் பழைய குறிப்புகளுக்கு ஈடு எதுவும் இல்லை.

களத்தில் முதல் வேலை இடத்தைக் குறிப்பது. அரியலூர் அருகே கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதே கல்தான் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. இன்று தெரியும் அடுக்கு அடுத்த முறை போகும்போது இருக்காது. ஆகவே அனுமதி பெற்றுச் சுரங்கத்தில் இறங்குபவர் சுத்தியலுக்கு முன் குறிப்பேட்டை எடுக்க வேண்டும்: அடுக்கின் தடிமன், மேலும் கீழும் உள்ள பாறை, சிப்பி கிடக்கும் நிலை, எல்லாம் எழுத வேண்டும். இரு ஓடுகளும் மூடியபடி கிடந்தால் அது இறந்த இடத்திலோ அருகிலோ விரைவாகப் புதைந்திருக்கலாம். ஓடுகள் பிரிந்து, குவிந்த பக்கம் மேலாகக் கிடந்தால் நீரோட்டம் புரட்டிப்போட்டதாகக் கொள்ளலாம். எண்ணூர்க் கரையில் அலை ஒதுக்கும் கிளிஞ்சல்களைப் பார்த்தாலே இதற்குப் பயிற்சி கிடைக்கும்: தட்டையாகக் கவிழ்ந்த ஓட்டை அடுத்த அலையால் எளிதில் நகர்த்த முடியாது.

இரண்டாவது வேலை, இல்லாததைப் பற்றி எச்சரிக்கையாக இருப்பது. சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட். அது நிலைத்து நிற்கும். அம்மோனைட்டின் ஓடும் பல நத்தைகளின் ஓடும் அரகோனைட். நிலத்தடி நீரில் அது எளிதில் கரையும், அல்லது கால்சைட்டாக மாறிவிடும். ஓர் அடுக்கில் சிப்பி மட்டுமே இருப்பதால் அந்தக் கடலில் சிப்பி மட்டுமே வாழ்ந்தது என்று எழுதினால் பிழையாகும். கரைந்த ஓடு விட்டுச் சென்ற வெற்று அச்சுகளையும் தேடியே தீர வேண்டும்.

மூன்றாவது வேலை கல்லைச் சீவிப் பார்ப்பது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலில், துகள்களுக்கு இடையே நுண்சேறு நிறைந்திருந்தால் அமைதியான நீர். சேறு கழுவப்பட்டு படிகச் சிமெண்ட் நிறைந்திருந்தால் அலை மோதிய நீர். 1962-இல் டன்ஹாம் வகுத்த சுண்ணாம்புக்கல் பாகுபாடு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. நீர்த்த அமிலத்தில் கரைத்த அலிசரின் சிவப்பு, கால்சைட்டைச் சிவக்க வைக்கும். டோலமைட் நிறம் ஏறாமல் இருக்கும். கல் பின்னாளில் எவ்வளவு மாறியது என்பதற்கு இது முதல் சோதனை.

இவை முடிந்த பின்பே ஐசோடோப்பு ஆய்வுக்கு ஓட்டுத் துகளை அனுப்பலாம். நீர் வெப்பமானால் ஓட்டில் ஆக்சிஜன்-18 குறையும் என்ற அடிப்படையில், ஹெரால்டு யூரியின் குழு 1951-இல் பெலெம்னைட்டுகளிலிருந்து பழங்கடலின் வெப்பநிலையைக் கணித்தது. ஆனால் நன்னீர் கலந்தாலும் அதே குறைவு தோன்றும். சென்னையின் பெயரைத் தாங்கிய கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் சிப்பி எண்ணூர்க் கழிமுகத்தில் வளர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் இறங்கும் மாதங்களில் அதன் ஓட்டில் சேரும் பகுதி, உண்மையில் குளிர்ந்த நீரில் வளர்ந்திருந்தாலும், கணக்கில் வெப்ப நீரைக் காட்டக்கூடும். பழஞ்சிப்பிக்கும் இதே ஐயம் பொருந்தும். கூட இருக்கும் உயிரினங்கள் திறந்த கடலுக்குரியவையா, கழிமுகத்துக்குரியவையா என்று பார்க்காமல் ஒற்றை எண்ணை வெப்பநிலை என்று அறிவிக்கக் கூடாது.

எண்ணூர்க் கடற்கரை சுண்ணாம்புக் கடலுக்கு முழு மாதிரியும் அல்ல. ஆறுகள் கொட்டும் மணலும் சேறும் அங்கே சுண்ணாம்பை மூழ்கடிக்கின்றன. தெளிந்த ஆழமற்ற கடலில் சுண்ணாம்பு எப்படிச் சேர்கிறது என்பதை மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளில் காணலாம். அனல்மின் நிலையச் சாம்பலும் 2017, 2023 எண்ணெய்க் கசிவுகளும் எண்ணூர்ச் சேற்றை மாற்றியிருக்கின்றன. அதை இயற்கை நிலையின் அளவுகோலாகக் கொள்பவர் மேற்பரப்புக்குக் கீழே உள்ள பழைய சேற்றையும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

கடைசிக் கடமை பாதுகாப்பு. ஒவ்வொரு மாதிரிக்கும் எண், அடுக்கு, இடம், நாள் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அது வீட்டு அலமாரிக்குப் போகாமல் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகச் சேகரிப்புக்கோ போய்ச் சேர வேண்டும். வெட்டி எடுத்த அடுக்கு சூளைக்குப் போன பின், ஒரு முடிவைச் சரிபார்க்க வருபவருக்குக் கிடைப்பது அந்த மாதிரியும் அந்தச் சீட்டும் மட்டுமே.